ஒற்றை ஹாப்பின் மணம்

வீட்டில் பீர் காய்ச்சுகிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "போலீஸ் பிடிக்காதா?" பிடிக்காது. விற்காதவரை இந்த நாட்டில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம், "பிடிப்பார்கள், வெளியே சொல்லிவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நான் தனியாகக் காய்ச்சியவன் இல்லை. கூட ஒருவர் இருந்தார். சிட்னியில் பரமட்டா பக்கம் பீர் காய்ச்சும் சாமான்கள் விற்கிற ஒரு கடையில்தான் அவரை முதன்முதலில் பார்த்தேன். ஈஸ்ட் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்த பக்கத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றோம். சாராயக் கடை வாசலில் சொந்தக்காரரிடம் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "தம்பி தமிழோ?" "ஆமா" என்றேன். "இந்தியாவோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அன்றைக்கே அவர் எனக்கு அண்ணன் ஆகிவிட்டார்.

என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் இங்கே வந்து, ஒரு மருத்துவமனையின் சாமான் கிடங்கில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மனைவி இறந்துபோன பிறகு ஹரிஸ் பார்க்கில், இங்கே யூனிட் என்று சொல்லும் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் கல்யாணமாகி மெல்பர்னில், கிளென் வேவர்லியில் இருக்கிறாள்.

எங்களுக்குள் வேலைப் பங்கீடு ஒன்று இருந்தது. அவருடைய யூனிட்டுக்குக் கீழே கராஜ் இருந்தது. அங்கேதான் அடுப்பு, அவர் கிடாரம் என்றும் நான் அண்டா என்றும் சொல்லும் பெரிய பாத்திரம், புளிக்கவைக்கும் பீப்பாய் எல்லாம். முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைப்பது, அந்தச் சாற்றைக் கொதிக்கவிடுவது, ஆறியபின் ஈஸ்ட் போடுவது எல்லாம் அவர் கைவேலை. என் பொறுப்பு ஹாப்ஸ். ஒரு கொடியின் பூவைக் காயவைத்து அரைத்துச் சின்னச் சின்ன உருண்டைகளாக ஆக்கியிருப்பார்கள். பார்த்தால் கோழித் தீவனம் மாதிரி பச்சையாக இருக்கும். பீரின் கசப்பும் வாசனையும் அதிலிருந்துதான். அதை ஃப்ரீசரில் வைக்கவேண்டும். அவர் வீட்டு ஃப்ரீசர் சின்னது, என் கராஜில் ஆள் படுக்கிற அளவுக்கு ஒன்று இருந்தது. ஆகவே அரைக் கிலோ பையாக வாங்கி என்னிடம் வைத்திருந்தோம்.

"தம்பி, உது பூ. காத்துப் பட்டால் செத்துப்போகும். இறுக்கிக் கட்டி வையும்" என்பார் ஒவ்வொரு தடவையும். எனக்குச் சுள்ளென்று வரும். கம்ப்யூட்டர் கம்பெனியில் முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவனுக்கு ஒரு பையைக் கட்டத் தெரியாதா? ஆனால் சிரித்துக்கொண்டு, "சரிண்ணே" என்பேன்.

எல்லா வீட்டுக்கும் வந்துபோன அந்தக் காய்ச்சல் அவர் வீட்டுக்கும் வந்தது. நான்கு நாளில் காய்ச்சல் போய்விட்டது. மூக்கு போனது போனதுதான். எங்களுக்கு அது தெரியவந்ததே ஹாப்ஸ் பையில்தான். புதுப் பையைப் பிரித்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனவர், "தம்பி, பழசைத் தந்திட்டாங்கள் போல" என்றார். நான் வாங்கி மோந்து பார்த்தேன். தலைக்கு ஏறுகிற மாதிரி புத்தம் புதிய வாசனை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேலே போய்ப் பூண்டு, பெருங்காயம், வினிகர் என்று ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தார். எதுவும் இல்லை.

ஹரிஸ் பார்க்கில் இருந்துகொண்டு மூக்கு இல்லாமல் இருப்பது ஒரு தண்டனை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஜிலேபி பொரிக்கிற கடை, தோசைக் கடை, மசாலாக் கடை என்று எல்லாம் வரிசையாக இருக்கும். முன்பெல்லாம், "உடுப்பெல்லாம் எண்ணெய் மணக்குது" என்று திட்டிக்கொண்டே வருவார். இப்போது திட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

சிறப்பு மருத்துவரிடம் போனார். வாசனை காட்டும் நரம்பு திரும்ப வளரலாம், வளராமலும் போகலாம், நாளாகும் என்றார்களாம். வளரும்போது சிலருக்குத் தப்பான மணமாக வரும், காப்பி கருகல் மாதிரி, சோறு அழுகல் மாதிரி. சிலருக்கு அது சரியாகிவிடும், சிலருக்கு வெகுகாலம் அப்படியே இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், ரோஜா என்று நான்கு குப்பிகளைக் கொடுத்துக் காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார்கள்.

"எந்தப் போத்தலில என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும் தம்பி. எலுமிச்சையைத் தூக்கினால் மூளை தானாவே எலுமிச்சை எண்டு சொல்லிப்போடும். அதை எப்பிடி நம்புறது?" என்றார். இரண்டு மாதத்தில் குப்பிகளைக் குளியலறை அலமாரிக்குள் தள்ளிவிட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. அதற்குள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழிக்கும் சடங்குக்கு மெல்பர்ன் போய்விட்டு வந்தவரை நான்தான் விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தேன். காரில் ஏறியதும் குழந்தையின் படங்களைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"உச்சி மோந்தனான் தம்பி. மகள் கையில தந்தவுடன முதல் அதைத்தானே செய்வம். ஒண்டுமில்லை. ஒரு பொம்மையைத் தூக்கின மாதிரி இருந்தது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ர பேத்தியின்ர மணம் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவர் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. "வந்துரும்ணே" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அடுத்த வாரம் அவரே போன் செய்தார். "இனி ஒரு ஹாப் மட்டும்தான் தம்பி."

அதுவரை நாங்கள் மூன்று நான்கு ரகங்களைக் கலந்துதான் காய்ச்சுவோம். கலப்பதில்தான் எங்களுக்குப் பெருமையே. இவர் சொன்னது வேறு. ஒரே வகைப் பார்லி, ஒரே ஈஸ்ட், ஒரே ஹாப். பெயில் ஏல் என்கிற வெளிர்நிற பீர். மாதா மாதம் அதையேதான் திரும்பத் திரும்பக் காய்ச்சவேண்டும். பல மணம் இருந்தால் எது வந்தது எது வரவில்லை என்று சொல்லமுடியாது. ஒன்றே ஒன்று இருந்தால், மூக்கு திரும்புகிற அன்றைக்குத் தெரிந்துவிடும். அவர் தேர்ந்தெடுத்தது கலக்ஸி என்கிற உள்ளூர் ரகம். நான் பேஷன் ஃப்ரூட் என்று சொல்லும் பழத்தின் வாசனை அதற்கு. அவர் அந்தப் பழத்தைக் கொடித்தோடை என்பார். அவரிடம் கற்றுக்கொண்டபின் எனக்கும் அது கொடித்தோடைதான்.

ஒரு விதியும் வைத்தார். ஊற்றியவுடன் முதலில் அவர் மோந்து சொல்லவேண்டும். பிறகுதான் நான் சொல்லவேண்டும். "நீர் முதல் சொன்னால் என்ர மூளை களவெடுத்துப்போடும்" என்றார். தன் மூக்கு சொல்வது சரியா என்று பார்த்துக்கொள்ள அவருக்கு இருந்தது என் மூக்கு ஒன்றுதான்.

ஒன்பது மாதம் ஒன்பது கிடாரம் காய்ச்சினோம். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, நீளமாக இழுத்து, "ஒண்டுமில்லை" என்பார். பிறகு நான் மோந்து, "கொடித்தோடைண்ணே, கொஞ்சம் பீச் பழம்" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குடிப்பார். நாக்குக்குக் கசப்புத் தெரிகிறதே, அது போதும் என்பார். போதவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

என் மனைவி முட்டைகூடச் சாப்பிடாத வீட்டிலிருந்து வந்தவள். கல்யாணத்துக்கு முன்பே ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: மீனோ கறியோ வெளியே போய்ச் சாப்பிடுங்கள், கருவாடு மட்டும் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. நானோ நெத்திலிக் கருவாட்டிலேயே வளர்ந்தவன். இலங்கைக் கடையில் அது வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் கால் நிற்காது. வாங்கிவந்து, கராஜ் ஃப்ரீசரில் ஹாப்ஸ் பைக்குப் பக்கத்தில் ஒளித்துவைப்பேன். பீர்ச் சாமான் இருக்கிற பெட்டியை அவள் தொடமாட்டாள் என்பது என் கணக்கு. அவள் வேலைக்குப் போகிற சனிக்கிழமைகளில் பின்கட்டுப் பார்பெக்யூ அடுப்பில் வறுத்துத் தின்றுவிட்டு வாய் கொப்பளித்துவிடுவேன். ஐம்பது வயது மனிதன் செய்கிற காரியம்தான்.

ஹாப்ஸ் பையின் வாயை மடித்து ஒரு துணிக் கிளிப்பால் கவ்வி வைத்திருந்தேன். பத்தாவது கிடாரத்துக்கு முந்திய மாதம், புதிதாக வாங்கிய கருவாட்டுப் பொட்டலம் கொஞ்சம் நாறுகிற மாதிரி இருந்தது. மனைவிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அந்தக் கிளிப்பைக் கழற்றிக் கருவாட்டுக்குப் போட்டேன். ஹாப்ஸ் பையைச் சும்மா மடித்துவைத்தேன். மடிப்பு எப்போது பிரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

பீர் புளித்து முடிந்த பிறகு, கடைசியில் ஒரு பங்கு ஹாப்ஸைப் பச்சையாக அப்படியே பீப்பாய்க்குள் போடுவோம். வாசனை அதில்தான் நிற்கும். கொதிக்கவைப்பதில்லை என்பதால் அதில் என்ன இருக்கிறதோ அது பீரில் இறங்கிவிடும். நூறு கிராமை என் கராஜில் நிறுத்து எடுத்தபோதே என்னவோ மணத்தது. என் விரல் என்று நினைத்துச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். கையில் இருந்தால்தானே போவதற்கு!

போத்தலில் அடைத்து இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், வழக்கம்போல அவருடைய கராஜில் உட்கார்ந்தோம். நான்தான் ஊற்றினேன். நுரை எழும்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கொடித்தோடை இருந்தது. அதற்குக் கீழே, மெல்லிசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், நெத்திலிக் கருவாடு. அடுத்து என் மனதில் வந்த நினைப்பை எழுதக் கூசுகிறது. 'இவருக்குத்தான் தெரியப்போவதில்லையே' என்று நினைத்தேன்.

அவர் கண்ணை மூடிக் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனார். 'ஒண்டுமில்லை' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கிளாஸைத் தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார். மூன்றாவது தடவையும் மோந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி... கருவாடு மணக்குது."

"என்னண்ணே சொல்றீங்க? கொடித்தோடைதான்" என்றேன்.

"வடிவா மோந்து சொல்லும்."

மோந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனை தடவை சொல்லியிருப்பார், இறுக்கிக் கட்டி வையும் என்று. ஒரு மாத வேலையைக் கெடுத்துவிட்டு, அதுவும் மனைவிக்குப் பயந்து கருவாட்டை ஒளித்ததால் கெடுத்துவிட்டு, எந்த முகத்தோடு சொல்வது? "கொடித்தோடைதாண்ணே. கருவாடெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன். முதல் தடவை சொன்னது வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை சொன்னது பொய்.

அவர் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப டொக்டர் சொன்னதுதான். பிழையா வருது" என்றார். பிறகு ஒரு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். நான் என்னவோ சாக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய மூக்கு வேலை செய்திருக்கிறது. இத்தனை நாள் கழித்து முதன்முதலாக ஒரு மணம் அவருக்கு வந்திருக்கிறது, அதுவும் மிகச் சரியாக வந்திருக்கிறது. அதை இல்லை என்று சொன்னவன் நான். பின்னால் நின்ற கார்க்காரன் ஹார்ன் அடித்தான். வண்டியைத் திருப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் அவர் முன்னால் நின்றிருக்கலாம். நாளைக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் போன் செய்தேன். எல்லாப் போத்தலையும் சாக்கடையில் ஊற்றிவிட்டாராம். கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாராம். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குச் செவ்வாய்க்கிழமை மெல்பர்ன் போகிறாராம், ஒரு மாதம் இருந்துவிட்டுத்தான் வருவாராம். "அண்ணே, அந்த பீர்..." என்று இழுத்தேன். "விடும் தம்பி. அது முடிஞ்சுது" என்றார். விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த வாரம் குப்பை வண்டி வரும் நாளில் கருவாட்டையும் ஹாப்ஸையும் ஒன்றாகக் கட்டிப் போட்டேன்.

ஒரு வாரம் தாண்டியபின் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாரே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே மேலும் மேலும் நாளைக் கடத்தினேன். மூன்றாவது வாரம் அவருடைய மகளிடமிருந்து போன் வந்தது.

"அங்கிள், சிட்னியில என்ன நடந்தது? அப்பா பேபியத் தூக்கிறாரே இல்லை. அவள் கையை நீட்டிக்கொண்டு போறாள், இவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிறார். பர்த்டே போட்டோவில கூடத் தள்ளித்தான் நிண்டவர்."

"ஏன்னு கேட்டியாம்மா?"

"கேட்டனான். தன்ர மூக்குப் பிழைச்சுப்போச்சாம். பேபியும் தனக்குக் கருவாடு மணந்தால், அதைத் தன்னால மறக்கேலாதாம். மணம் தெரியாமல் செத்தாலும் பரவாயில்லையாம், அப்பிடித் தெரிய வேண்டாமாம். ஐ ஆம் ரியலி ஸ்கேர்ட் அங்கிள்."

நான் அலுவலகத்தில் இருந்தேன். எழுந்து போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். போனை அப்பாவிடம் கொடு என்றேன்.

அவர், "சொல்லும் தம்பி" என்றதும், கிளிப்பில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீசரை, பிரிந்த மடிப்பை, கை கழுவியதை, கிளாஸில் ஊற்றும்போதே எனக்குத் தெரிந்ததை. இரண்டாவது தடவை தெரிந்தே பொய் சொன்னதை. அந்தப் பக்கம் தூரத்தில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருப்பது கேட்டது.

பிறகு அவர் ஒன்று கேட்டார். "நெத்தலியோ?"

"ஆமாண்ணே. நெத்திலி."

"மூண்டு கிழமை" என்று, நான் வாய்மூடியிருந்த வாரங்களை எண்ணிச் சொன்னார். போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீசரில் கருவாடு இருப்பது தனக்கு எட்டு வருடமாகத் தெரியும் என்றாள். "என்கிட்ட மறைச்சது போகட்டும். அந்த மனுஷனுக்கு வராம வந்த ஒண்ணை, இல்லைன்னு சொல்லிட்டீங்களே" என்றாள். அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானாகக் கூப்பிடும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிக் காரில் ஏறி உட்கார்ந்தபோது அவருடைய போன் வந்தது.

"தம்பி, மோந்தனான்."

சாவியைத் திருப்பப் போன கையை எடுத்துவிட்டேன்.

"இரண்டு நாள் பயத்தில கிட்டப் போகேல்லை. இண்டைக்கு விடிய அவள் நித்திரையால எழும்பின உடன தூக்கினனான்."

"வந்துச்சாண்ணே?"

"வந்தது. மெல்லிசா. ஆனா வந்தது."

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். அவருக்குக் கேட்டிருக்கும். கொஞ்சம் தெளிந்ததும், இத்தனை நாள் ஒவ்வொரு கிளாஸுக்கும் அவருக்கு வாசனை சொல்லிக்கொண்டிருந்த பழக்கத்தில், வாய் தானாகக் கேட்டது. "எப்படிண்ணே இருந்துச்சு?"

குழந்தை அவர் கையில்தான் இருந்திருக்கவேண்டும். அதன் மூச்சுச் சத்தம் போனுக்குப் பக்கத்தில் கேட்டது.

"அதை உமக்குச் சொல்லமாட்டன் தம்பி" என்றார்.

குரலில் கோபம் இல்லை. பிள்ளைக்குப் பசிக்கிறது, வைக்கிறேன் என்றார்.